மஞ்சள் தாளின் மேல்பாதி

ஜூலை 6, ஞாயிறு

நாட்குறிப்பு எழுதக் கூடாது என்று இங்கே அனுப்புவதற்கு முன்பே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். இது நாட்குறிப்பு இல்லை, புலம்பல். அதுவும் தமிழில். இந்தத் தீவில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். சமைக்கிறவனும் நானே, சாப்பிடுகிறவனும் நானே, உப்பு கூடிப்போச்சு என்று கத்துகிறவனும் நானே.

வந்து நாலு மாதம் ஆகிறது. இந்தத் தீவு நாடான சாவேராவும் நம் நாடும் நேச நாடுகள். கடலில் யார் எதைக் கடத்தினாலும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதாக ஒப்பந்தம். அவர்கள் சொல்வதை வாங்கி ஊருக்கு அனுப்பவும், நாம் சொல்வதை அவர்களிடம் சேர்க்கவும் ஓர் அதிகாரி வேண்டுமாம். அந்தப் பாக்கியசாலி ஹென்றி மச்சாடோ, தூத்துக்குடி, வயது நாற்பத்தெட்டு, இடது முழங்கால் வலி.

மதியம் பிலோமி போன் செய்தாள். வாரத்துக்கு ஒரு போன்தான், ஞாயிற்றுக்கிழமை. அதற்காக வெள்ளிக்கிழமையிலிருந்தே காத்திருக்கிறேன் என்று அவளிடம் சொல்வதில்லை.

“சாப்ட்டீயளா?”

“சாப்ட்டேன். கஞ்சியும் துவையலும்.”

“கஞ்சி குடிக்கவா கப்பலேறிப் போனீய? அத இங்கயே ஊத்தியிருப்பேன்லா.” பிறகு, “எந்தம்பிக்குப் பொண்ணு பாக்கப் போன விசயத்த ஒங்க அக்காட்ட சொன்னீயளா?”

“பேச்சுவாக்குல வந்துட்டு.”

“ஒங்ககிட்ட ஒண்ணு சொல்றதும் கோயில் மைக்குல சொல்றதும் ஒண்ணுதான்.”

சிரித்துவிட்டேன். நான் பார்க்கிற வேலைக்கு என் பெண்டாட்டி தரும் நற்சான்றிதழ் இது.

ஜூலை 8, செவ்வாய்

இத்ரீஸைப் பற்றி எழுத வேண்டும். அவரில்லாவிட்டால் இந்த ஊரில் என்னோடு பேச நாதியில்லை.

சாவேரா கடல் காவலில் எனக்கு இணையான அதிகாரி அவர். என் வயதுதான். தினமும் நாலு மணிக்கு இரண்டு கோப்பைத் தேநீரோடு என் அறைக்கு வருவார். பேசுவது என்னவோ இங்கிலீஷ்தான். ஆனால் என் காது அதைத் தூத்துக்குடித் தமிழாக மாற்றித்தான் உள்ளே விடுகிறது. தனியாகக் கிடக்கிறவன் காது அப்படித்தான் போலும். எனக்குக் கேட்கிறபடியே இங்கே எழுதிக்கொள்கிறேன்.

இன்று ஒரு பொட்டலத்தை மேஜையில் வைத்தார். “அக்கா குடுத்துவிட்டா. சூரக் கருவாடு. பிரிச்சு மோந்து பாரும்வே, ஒம்ம ஊருல இப்படிக் கெடைக்காது.”

“எங்க ஊருல கெடைக்காத கருவாடா? நல்லாருக்கே கத!”

அக்காவின் பெயர் ஹலீமா. புருஷன் இல்லை. வடக்குத் துறையில் படகுகளுக்குக் குடிதண்ணீர் ஏற்றும் தோணி வைத்திருக்கிறாளாம். அந்தத் துறையில் தண்ணீருக்கு வேறு ஆளே கிடையாது. தாயில்லாத இத்ரீஸைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான்.

எங்கள் வேலைமுறையையும் எழுதிவிடுகிறேன். தகவல் மஞ்சள் தாளில் வரும். தாளின் நடுவே, கிழிக்க வசதியாக, புள்ளிப்புள்ளியாக ஒரு துளைக்கோடு. கோட்டுக்குக் கீழே தகவல். கோட்டுக்கு மேலே அது எப்படித் தெரிந்தது, யார் கண்டது என்ற விவரம். வாங்குகிறவனுக்கு நம்பிக்கை வர வேண்டுமே, அதனால் முழுத் தாளையும் படிக்கக் கொடுப்பார்கள். படித்ததும், கொடுத்தவர் கண் முன்னாலேயே கோட்டோடு கிழித்து, மேல்பாதியை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கீழ்ப்பாதி மட்டும்தான் ஊருக்குப் போகும். திரும்பி வந்த மேல்பாதிகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்து, வியாழக்கிழமைதோறும் பின்கட்டில் எரிப்பார் இத்ரீஸ்.

என்னிடமும் ஒரு கட்டு மஞ்சள் தாள் உண்டு, நாம் அவர்களுக்குக் கொடுப்பதற்கு. நாலு மாதமாகியும் அதன் மேலுறையைக்கூட நான் பிரிக்கவில்லை. நம் ஊரிலிருந்து கொடுக்க ஒன்றும் வந்தால்தானே!

ஜூலை 10, வியாழன்

முதல் முறையாக உருப்படியான தாள். கீழே: வெள்ளை ஓட்டுநர் கூண்டு வைத்த படகு ஒன்று, நாளை விடியலில் கிளம்புகிறது, நம் கரைக்குப் போதைச் சரக்கு. மேலே: ‘வடக்குத் துறையில் தண்ணீர் ஏற்றுபவர் கண்டது. மூன்று நாள் மீன்பிடிக்கப் போவதாகச் சொன்ன நாலு பேர் பதினைந்து நாளுக்குத் தண்ணீர் வாங்கினார்கள். மீன் வைக்கும் அறையைத் திறக்க விடவில்லை.’

நான் படித்து முடிக்கும்வரை இத்ரீஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. கிழித்தேன், மேல்பாதியைக் கொடுத்தேன். அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சென்னையில் என் தகவல்களை வாங்கிக்கொள்வது தனபாலன். என்னோடு பயிற்சி பெற்றவன். ஒரே அறையில் கிடந்தோம். போனில் கேட்டான்: “சோர்ஸ் யாருய்யா?”

“சொல்லக் கூடாதுப்பா.”

“அப்ப ‘சி’ கிரேடுதான் போடணும். மேல கேட்டா நான் என்னத்தச் சொல்ல?”

‘சி’ என்றால் கோப்பில் தூங்கும்.

ஜூலை 11, வெள்ளி

நல்லெண்ணெய் தீர்ந்துவிட்டது. இங்கே கிடைக்காது. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம்தான்.

ஜூலை 16, புதன்

அந்தப் படகு வழியில் யாரும் மறிக்காமல் நம் கரை வரைக்கும் போயிருக்கிறது. வழக்கமான ரோந்து என்று போன நம் ஆட்கள் சும்மா பக்கத்தில் போய்க் குரல் கொடுத்திருக்கிறார்கள். படகில் இருந்தவர்கள் சுட்டுவிட்டார்கள். வீரபாண்டியன்பட்டினத்துப் பையன் ஒருவன் செத்துப்போனான். இருபத்து நாலு வயது.

நாலு மணிக்கு இத்ரீஸ் தேநீர் இல்லாமல் வந்தார். “ஏம்வே, நான் சொன்னத ஒம்ம ஆளுக காதுலயே வாங்கலயா? எங்க ஆளு உசுரக் கையில புடிச்சிக்கிட்டுப் பாத்துச் சொல்லுது. ஒங்களுக்கு அது கருவாடு சுத்துற காயிதமா?”

‘சி’ கிரேடு என்று எப்படிச் சொல்வது? போகும்போது தோளைத் தட்டிவிட்டுத்தான் போனார். அதுதான் தாங்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன்.

ஜூலை 20, ஞாயிறு

பிலோமி போன். மாதா கோயில் கொடியேற்றத்துக்கு இன்னும் ஆறு நாள்தானாம். “இந்த வருசம் நீங்க இல்ல,” என்றாள். செத்த பையனின் அடக்கத்துக்குப் போய்விட்டு வந்திருக்கிறாள். “அவங்கம்மா, ‘முன்னாடியே யாருக்கும் தெரியலையா, யாரும் சொல்லலையா’ன்னு கேட்டுக் கேட்டு அழுவுதாவ.”

சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஜூலை 23, புதன்

இரண்டாவது தாள். அதே துறை, வேறு படகு, நீலக் கூண்டு. பதினெட்டு நாள் தண்ணீர். மேல்பாதியில் அதே ஆள்.

“இந்த மட்டமாவது நம்பச் சொல்லும்வே,” என்றார் இத்ரீஸ்.

கிழித்துக் கொடுத்தேன். தனபாலனுக்குப் போன் போட்டேன். வழக்கம்போல் சோர்ஸ் யாரென்று கேட்டான். நம்பும்படியாகச் சொன்னேன். ‘ஏ’ போட்டுவிட்டான்.

சட்டை இரண்டு துவைத்தேன்.

ஜூலை 24, வியாழன்

மழை. டப்பாத் தாள்களை எரிக்க முடியவில்லை. தாழ்வாரத்தில் நின்று நானும் இத்ரீஸும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஜூலை 26, சனி

கொடியேற்றம். பிலோமி போனைத் தூக்கிப் பிடித்துக் கோயில் மணிச் சத்தம் கேட்க வைத்தாள். “கேக்குதா? கேக்குதா?” என்றாள். கேட்டது. அதோடு கூட்டத்தின் இரைச்சல், பலூன்காரன் ஊதல், யாரோ என் பெயரைச் சொல்லி விசாரிக்கிற குரல். மணி நின்ற பிறகும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 28, திங்கள்

பிடித்துவிட்டார்கள்! நேற்றுக் காலையில், நடுக்கடலில், ஒரு குண்டு சுடாமல். மீன் அறை முழுக்கச் சரக்கு. படகிலிருந்த நாலு பேரும் உள்ளே.

இத்ரீஸ் கோப்பைகளை வைத்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். “பாத்தீரா? கேட்டா நடக்குதுல்லா! இந்த ஞாயித்துக்கெழம அக்கா வீட்டுல ஒமக்குச் சாப்பாடு. வரலன்னா அவளே வந்து காதப் புடிச்சி இழுத்துக்கிட்டுப் போவா.”

நாலு மாதத்தில் முதல் முறையாக ஒரு வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்கள். நல்ல சட்டை ஒன்றை இஸ்திரி போட்டு மாட்டி வைத்தேன்.

ஜூலை 29, செவ்வாய்

சாயங்காலம், கிழமை தப்பி, பிலோமியின் போன். ஒரே சந்தோஷம். மாலைப் பேப்பரில் போட்டிருக்கிறார்களாம்.

“ஒங்க பேரு இல்ல. ஆனா நீங்கதான்னு எனக்குத் தெரியாதா? வாசிக்கேன், கேளுங்க.” வாசித்தாள். “‘அந்தத் தீவு நாட்டின் வடக்குத் துறையில் படகுக்குக் குடிநீர் ஏற்றிய ஒருவர் கொடுத்த தகவலின்பேரில் அதிகாரிகள் விரைந்து…’”

“திரும்ப வாசி.”

திரும்ப வாசித்தாள்.

“என்ன, சத்தத்தையே காணும்? சந்தோசமில்லையா?”

“சந்தோசந்தான்,” என்றேன்.

அடுக்களை அலமாரியை ஒழித்துத் துடைத்தேன். எறும்பு.

ஜூலை 30, புதன்

காலையில் முதல் வேலையாகத் தனபாலன். “ஏன்யா பேப்பருக்குக் குடுத்தீங்க?”

“பெரியவரு பிரஸ் மீட்ல சொல்லிட்டாருய்யா. கோப்புல இருந்ததத்தான் சொன்னாரு. நீ சொன்னதத்தான் நான் கோப்புல எழுதுனேன். பதறாத. நீ ஒண்ணும் ஒத்துக்காத. கேட்டா, தெரியாதுன்னுடு.”

நீ சொன்னதைத்தான். ஆமாம். இருபத்து மூன்றாம் தேதி ‘நம்பும்படியாகச் சொன்னேன்’ என்று இந்த நோட்டில் பூசி மெழுகியிருக்கிறேன். யாருக்குப் பயந்து? நான் சொன்னது இதுதான்: “கண்ணால பாத்த ஆளுப்பா. வடக்குத் துறையில படகுக்குத் தண்ணி ஏத்துற ஆளு.” தாளைக் கிழித்து ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதில் இருந்ததை அப்படியே வாயால் அனுப்பிவிட்டேன். செத்த பையனின் தாய்க்காகச் சொன்னேன் என்று மனதைத் தேற்றப் பார்க்கிறேன். அது பாதி நிஜம். தனபாலன் என்னை நம்ப வேண்டும் என்ற ஆசை மீதி.

அந்தத் துறையில் தண்ணீருக்கு வேறு ஆள் இல்லை.

செய்தி இன்னும் தமிழில் மட்டும்தான் இருக்கிறது. இன்றோ நாளையோ இங்கிலீஷில் வரும். வந்த ஒரு மணி நேரத்தில் வடக்குத் துறைக்கு எட்டிவிடும். அதுவரைக்கும் இந்தத் தீவில் இது தெரிந்த ஒரே ஆள் நான்.

நாலு மணிக்கு இத்ரீஸ் வந்தார். “அக்கா ஒமக்குன்னு ஆட்டுக்கறி சொல்லிவச்சிட்டா,” என்றார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். “தேநீர் நல்லாருக்கு” என்றுதான் வந்தது. அவர் போன பிறகு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். பயம். சொன்னால் என் வேலை போகும், ஒப்பந்தமே போகும் என்று காரணம் அடுக்கிக்கொண்டிருந்தேன். நிஜக் காரணம் அதில்லை. சொன்ன பிறகு நாலு மணிக்கு யார் வருவார்கள்?

ஜூலை 31, வியாழன்

காலையில் என் மஞ்சள் தாள் கட்டைப் பிரித்தேன். முதல் தாளில் எழுதினேன்.

கோட்டுக்குக் கீழே: ‘வடக்குத் துறையில் தண்ணீர் ஏற்றுபவரின் உயிருக்கு ஆபத்து. தகவல் கொடுத்தது அவர்தான் என்பது எங்கள் ஊர்ப் பத்திரிகையில் வந்துவிட்டது. இன்றே அப்புறப்படுத்தவும்.’

கோட்டுக்கு மேலே: ‘வெளியே சொன்னவன் நான். ஜூலை 23, தொலைபேசியில். ஹென்றி மச்சாடோ.’

நாலு மணி வரை காத்திருக்காமல் அவர் அறைக்கே போய்க் கொடுத்தேன். இத்ரீஸ் படித்தார். நின்றபடியே இன்னொரு தடவை படித்தார். அறைவார் என்று நினைத்தேன். அறைந்திருக்கலாம்.

தாளை மேஜைமேல் வைத்து, கோட்டோடு நிதானமாகக் கிழித்தார். மேல்பாதியை என் கையில் திருப்பிக் கொடுத்தார். கீழ்ப்பாதியை எடுத்துக்கொண்டு கதவருகே போனவர் நின்று, “தகவலுக்கு நன்றி. உடனே நடவடிக்கை எடுக்கப்படும்,” என்றார்.

அது எனக்குத் தமிழில் கேட்கவில்லை. இங்கிலீஷாகவே கேட்டது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஹலீமா நேற்று மாலை ஐந்து மணிக்கே துறையை விட்டுப் போய்விட்டாள். இன்று காலையில் அவளுடைய தோணி அடியோடு எரிந்து கிடந்ததாம். வீட்டுக் கதவை உடைத்து, கட்டிலைப் புரட்டிப் போட்டுத் தேடியிருக்கிறார்கள். எங்கள் அலுவலகக் காவலாளி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

உயிரோடு இருக்கிறாள். மாதாவே, அதுபோதும்.

செவ்வாயன்றே சொல்லியிருந்தால் தோணியும் தப்பியிருக்கும். அவளும் நாலு சாமானைக் கையோடு எடுத்துக்கொண்டு போயிருப்பாள். இரண்டு நாள் நான் அலமாரி துடைத்துக்கொண்டிருந்தேன்.

அவளை எங்கே அனுப்பினார்கள் என்று தெரியாது. என்னிடம் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இஸ்திரி போட்ட சட்டையைப் பெட்டியில் மடித்து வைத்தேன். மதியம் கஞ்சி.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இன்று மாதா திருவிழா. ஊரே தெருவில் நிற்கும். இங்கே விசாரணை.

சாவேராவின் பெரிய அதிகாரிகள் மூன்று பேர். நான் ஒரு பக்கம், இத்ரீஸ் ஒரு பக்கம். அந்தப் பெண்ணை அப்புறப்படுத்த வேண்டும் என்று வியாழக்கிழமையே உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று அவரைக் கேட்டார்கள்.

“நேச நாட்டிடமிருந்து தகவல் வந்தது.”

“நேச நாட்டில் யார்?”

“அது மேல்பாதியில் இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன். கொடுத்தவரைக் கேட்காமல் சொல்ல எனக்கு உரிமை இல்லை.”

திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அதையேதான் சொன்னார். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அக்காளைத் தெருவில் நிறுத்தியவன் மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறான். ஒரு விரலை நீட்டினால் போதும். நீட்டவில்லை.

நான் எழுந்து சொல்லியிருக்கலாம். முழங்கால் வலி என்று எழுதப் போனேன். இல்லை. தைரியம் இல்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

தனபாலன் போன். “உனக்கு நல்ல பேருய்யா! பாராட்டுக் கடிதம் வருது. ஊருக்கே மாத்திட்டாங்க. புது ஆள் செவ்வாய்க்கிழமை வருவாங்க. ட்ரீட் எப்ப?”

போனை வைத்துவிட்டேன். நாலு மணிக்குத் தேநீர் நானே போட்டேன். பழக்கதோஷத்தில் இரண்டு கோப்பை. ஆறியதும் இரண்டையும் நானே குடித்தேன்.

பின்கட்டில் புகை தெரிந்தது. இத்ரீஸ் தனியாக நின்று டப்பாத் தாள்களை எரித்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

“ஊருக்கு வாரீய, குரல்ல ஒரு துள்ளல் இல்லையே,” என்றாள் பிலோமி. பிறகு, “ஒரு விசயம். தம்பிக்கு நிச்சயமாயிட்டு. கோயில்ல கல்யாண ஓலை வாசிக்குத வரைக்கும் ஒங்க அக்காட்ட மூச்சு விட்ராதீய.”

“சொல்ல மாட்டேன்.”

“யாரு, நீங்களா!” அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். நானும் சிரிப்பேன் என்று எதிர்பார்த்திருப்பாள்.

“சொல்ல மாட்டேன் பிலோமி,” என்றேன் மறுபடியும்.

சிரிப்பை நிறுத்திவிட்டு, “என்னங்க ஆச்சு?” என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

ஆகஸ்ட் 13, புதன்

புது அதிகாரி மீனலோசனி. முப்பத்தைந்து வயது, காரைக்காலில் இருந்தவர். கெட்டிக்காரி. வந்ததும் கேட்ட முதல் கேள்வி, “இங்க நல்லெண்ணெய் கெடைக்குமா சார்?” எனக்குச் சிரிப்பு வந்தது.

வேலைமுறையைப் புது ஆளுக்கு விளக்க வேண்டியவர் இத்ரீஸ். வந்தார். எனக்கு ஒரு தலையசைப்பு. அவ்வளவுதான், இரண்டு வாரமாக எனக்குக் கிடைப்பது அதுதான். மஞ்சள் தாளை எடுத்து மேஜையில் விரித்து, கோட்டைக் காட்டினார். மேலே எது, கீழே எது, எப்படிக் கிழிப்பது, எப்படித் திருப்பிக் கொடுப்பது, வியாழக்கிழமை, பிஸ்கட் டப்பா. எல்லாம் இங்கிலீஷில்தான் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. மீனலோசனி தலையாட்டினார். அவ்வளவுதானே என்று எழுந்துகொண்டார்.

“இன்னும் ஒண்ணு இருக்கு தாயி,” என்றார் இத்ரீஸ். “தாளத் திருப்பித் தந்தா மட்டும் போதாது. மனசுல ஒட்டுனது இருக்கும்லா? அதயும் இங்கயே உட்டுட்டுப் போயிரணும். அடுத்தாளுக்கு அதுல ஒரு எழுத்து போவக் கூடாது.”

மீனலோசனியிடம்தான் சொன்னார். என்னைப் பார்க்கவில்லை. ஆனால் என் காதுக்கு அது மறுபடியும் தூத்துக்குடித் தமிழாக வந்தது. தலையைக் குனிந்துகொண்டேன்.

பெட்டி கட்டியாகிவிட்டது. நாளை இரவு விமானம். என் சட்டைப் பையில் அந்த மேல்பாதி அப்படியே இருக்கிறது. மேஜையில் இந்த நோட்டு. தமிழில் எழுதினால் யாருக்குத் தெரியும் என்று நினைத்தேன். ஹலீமாவைப் பற்றி எல்லாமே இதில் இருக்கிறது: பெயர், துறை, தோணி, தம்பி, அவள் என்ன பார்த்தாள், என்ன சொன்னாள். இதைப் படிக்கத் தெரிந்த இரண்டாவது ஆளும் இப்போது தீவுக்கு வந்தாகிவிட்டது. இதைத் தூக்கிக்கொண்டு போகிற ஊரிலோ எல்லோருக்கும் படிக்கத் தெரியும்.

நாளை வியாழக்கிழமை. இத்ரீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு வரும் நேரத்தில், இந்த நோட்டோடு நானும் அங்கே போகிறேன்.